மெட்ரோஜிலா, டினிடசோலா, ஓஇசட்டா? மெடிக்கல்ல நிக்கிறவ சொல்றது

காலைல கடை தொறந்த முதல் ஒரு மணி நேரத்துல எப்படியும் ஒருத்தராவது வந்துடுவாங்க, அக்கா நைட்ல இருந்து வயித்தால போகுது, ரெண்டு வேளைக்கு செட்டு போட்டு குடுங்கன்னு. செட்டுன்னா அவங்க மனசுல இருக்கறது ஒரு மெட்ரோஜில், இல்லன்னா பேரு கடைசில ஓஇசட் டிஇசட்னு முடியுமே அந்த மாத்திரை, கூட ஒரு வாந்தி மாத்திரை. திண்டுக்கல் பக்கம் மெடிக்கல்ல 14 வருஷமா பார்மசிஸ்டா நிக்கிறேன், இதுல எது பவர் ஜாஸ்தின்னு கேக்காத ஆளே இல்ல. பவர வச்சு பாத்தா இந்த மாத்திரைங்கள பிரிக்கவே முடியாது, உள்ள இருக்கற கிருமி எது, மாத்திரை போடப்போற ஆள் யாரு, எத்தன நாள் விடாம போடுவாரு, இந்த மூணு தான் பாக்கணும், அத விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், இது எல்லாமே ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. நான் இங்க எழுதுற டோஸ் எல்லாம் டாக்டர் எழுதிக் குடுத்தத நீங்க புரிஞ்சுக்கறதுக்கு மட்டும் தான், நீங்களா வாங்கி போடறதுக்கு இல்ல.

மெட்ரோனிடசோல் தான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தது. மெட்ரோஜில், ஃப்ளாஜில்னு நாம சொல்றது எல்லாம் கம்பெனி வச்ச பேரு, உள்ள இருக்கற மருந்து இது ஒண்ணே தான். டினிடசோல், ஆர்னிடசோல், செக்னிடசோல் மூணும் அதோட தம்பிங்க, அட்டைய திருப்பி சின்ன எழுத்துல பாத்தா "னிடசோல்"னு வால் ஒரே மாதிரி இருக்கும். 1950கள்ல ஜப்பான்ல மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியால இருந்து அசோமைசின்னு ஒரு பொருள் எடுத்தாங்க, அத வச்சு பிரான்ஸ்ல ரோன் பூலன்க் கம்பெனி ஆராய்ச்சி பண்ணி உருவாக்கினது தான் மெட்ரோனிடசோல், 1960 வாக்குல விற்பனைக்கு வந்துச்சு. அப்போ அது வயித்துக்கான மருந்தே இல்ல, பொம்பளைங்களுக்கு வர்ற ட்ரைக்கோமோனாஸ்ங்கற வெள்ளைப்படுதல் கிருமிக்கு மட்டும் தான்.

அப்புறம் 1962ல இங்கிலாந்துல ஷின்னுன்னு ஒரு பல் டாக்டர் ஒரு விஷயம் எழுதினாரு. வெள்ளைப்படுதலுக்கு மெட்ரோனிடசோல் ஒரு வாரம் சாப்ட்ட ஒரு அம்மாவுக்கு கூடவே ஈறுல இருந்த புண்ணும் ஆறிடுச்சுன்னு. ஈறுப் புண்ணுல இருக்கறது ட்ரைக்கோமோனாஸ் இல்லயே, பாக்டீரியா ஆச்சே, அப்போ இது பாக்டீரியாவையும் கொல்லுதான்னு அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது. 1966ல தென்னாப்பிரிக்கா டர்பன்ல அமீபா சீதபேதிக்கும், ஈரல்ல அமீபா சீழ் கட்டுறதுக்கும் குடுத்துப் பாத்து நல்லா கேக்குதுன்னு வந்துச்சு. ஒரே மாத்திரை பல்லுக்கும் எழுதுறாங்க வயித்துக்கும் எழுதுறாங்க வெள்ளைப்படுதலுக்கும் எழுதுறாங்கன்னு நீங்க குழம்புறதுக்கு காரணம் இது தான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எதுக்கு வேலை செய்யாதுன்னு தானா புரிஞ்சுடும். இந்த மாத்திரை உள்ள போறப்போ விஷம் இல்ல. ஆக்சிஜன் இல்லாத எடத்துல வாழுற கிருமிங்க, அதாவது அமீபா, ஜியார்டியா, ட்ரைக்கோமோனாஸ், அப்புறம் ஈறு இடுக்குலயும் குடலுக்குள்ளயும் சீழ்லயும் இருக்கற ஒரு வகை பாக்டீரியா, இதுங்க உடம்புக்குள்ள மாத்திரை நுழைஞ்சதும் அதுங்களோட ரசாயனமே அத ஒடச்சு விஷமா மாத்திடுது, அந்த விஷம் அதுங்க டிஎன்ஏவ சிதைச்சுடுது. ஆக்சிஜன் இருக்கற எடத்துல வாழுற பாக்டீரியாகிட்ட அந்த ரசாயனம் கிடையாது, வைரஸ்கிட்ட சுத்தமா கிடையாது. அப்போ வைரஸால வயித்தால போறவருக்கு மெட்ரோஜில் குடுத்தா என்ன ஆகும்? நாக்கு கசக்கும், வாய்ல தகரம் நக்கின மாதிரி ருசி வரும், குமட்டும், வயித்தால போறது பாட்டுக்கு போயிட்டே இருக்கும். ரெண்டு நாள்ல அதுவா நிக்கும், நாம மாத்திரைல நின்னுச்சுன்னு நம்பிடுவோம். இந்த நம்பிக்கை தான் இங்க வீட்டுக்கு வீடு இருக்கு.

அதனால ஒப்பிட வேண்டிய முதல் ஆப்ஷன் எந்த மாத்திரையும் இல்ல, ஓஆர்எஸ் தான். தண்ணி தண்ணியா போகுது, ரத்தம் இல்ல, சளி இல்ல, பெரிய காய்ச்சல் இல்லன்னா பெரும்பாலும் அது வைரஸ், இல்லன்னா சாப்பாட்டுக் கோளாறு, குழந்தைங்களுக்கு இன்னும் ஜாஸ்தி வைரஸ் தான். 1971ல பங்களாதேஷ் போர் அகதிங்க முகாம்ல காலரா பரவுனப்போ மேற்கு வங்கத்துல பன்காவ்ங்கற ஊர்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ், டிரிப்ஸ் பாட்டில் பத்தாம உப்பையும் சர்க்கரையும் தண்ணில கரைச்சு வாய் வழியா குடுத்தே அவ்ளோ பேர காப்பாத்தினாரு, அந்தக் கரைசல் தான் இன்னைக்கு நம்ம கவுண்டர்ல தூசி படிஞ்சு கெடக்குது. குழந்தைக்கு கூட ஜிங்க், ஆறு மாசத்துக்கு மேல 20 எம்ஜி, அதுக்கு கீழ 10 எம்ஜி, போக்கு நின்னாலும் 14 நாள் வரைக்கும் குடுக்கணும். பெரிய பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில தான் கரைக்கணும், ஒரு டம்ளர்ல கொஞ்சம் போட்டு ஆத்திக் குடுக்கறாங்க, அது உப்பு ஜாஸ்தியாகி குழந்தைக்கு ஆபத்து, இத நான் ஒவ்வொருத்தருக்கும் கைய புடிச்சு சொல்லித் தான் அனுப்புவேன். கண்ணு உள்ள போயிடுச்சு, ஒண்ணுக்கே போகல, குழந்தை துவண்டு கெடக்குதுன்னா கடைக்கே வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

சரி, நெஜமாவே அமீபா தான்னு வச்சுக்குவோம். வயித்த முறுக்கி முறுக்கி கடுப்பு, போகுற போதெல்லாம் கொஞ்சமா சளியும் ரத்தமும், பாத்ரூம் போயிட்டு வந்து உக்காந்தா திரும்ப போகணும் போல இருக்கும், நம்ம பாட்டிங்க சீதபேதி வயித்துக்கடுப்புன்னு சொன்னது. இதுவும் எல்லாமே அமீபா கிடையாது, பாக்டீரியாலயும் அப்படியே வரும், அதுக்கு வேற மருந்து. மோஷன் டெஸ்ட் எடுத்தா தெரியும்னு சொல்வாங்க, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, நோய் உண்டாக்குற அமீபாவும் ஒண்ணும் பண்ணாத அதோட கூடப்பொறந்த மாதிரியான இன்னொரு அமீபாவும் மைக்ரோஸ்கோப்ல ஒரே மாதிரி தெரியும். ரிப்போர்ட்ல "சிஸ்ட்"னு, அதாவது முட்டை மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கற அமீபான்னு, ஒரு வார்த்தை பாத்ததும் மாத்திரை வாங்க ஓடி வர்றவங்களுக்கு இது தெரியாது. உள்ள ரத்த அணுவ முழுங்கின அமீபா தெரிஞ்சா தான் அது கெட்டதுன்னு உறுதியா சொல்லலாம், மத்தபடி டாக்டர் உங்க தொந்தரவையும் சேத்து வச்சு பாத்து முடிவு பண்ணுவாரு.

அமீபாவுக்கு மெட்ரோனிடசோல்னா பெரியவங்களுக்கு வழக்கமா 500ல இருந்து 750 எம்ஜி ஒரு நாளைக்கு மூணு வேளை, 5ல இருந்து 10 நாள் வரைக்கும். நம்ம ஊர்ல 400 எம்ஜி மாத்திரை தான் ஜாஸ்தி, அதனால சீட்டுல கணக்கு 400, 800னு இருக்கும். டினிடசோல்னா 2 கிராம், அதாவது 500 எம்ஜி மாத்திரை நாலையும் ஒரே நேரத்துல சாப்பாட்டோட முழுங்கணும், ஒரு நாளைக்கு ஒரே வேளை, மூணு நாள். ஏன் இந்த வித்தியாசம்னா மெட்ரோனிடசோல் ரத்தத்துல பாதியா குறையறதுக்கு சுமார் 8 மணி நேரம் ஆகும், டினிடசோலுக்கு 12ல இருந்து 14 மணி நேரம், ஆர்னிடசோலும் கிட்டத்தட்ட அதே தான், செக்னிடசோலுக்கு 17 மணி நேரத்துக்கும் மேல. மெதுவா எறங்குறதுனால தடவை குறையுது. கொல்ற சக்தில பெருசா வித்தியாசம் இல்ல, தடவைல தான் வித்தியாசம்.

என்னைய கேட்டா அங்க தான் முடிவே இருக்கு. ஏழு நாளைக்கு மூணு வேளைன்னு எழுதின சீட்ட கொண்டு வந்து அக்கா ரெண்டு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்க பாத்துட்டு வாங்கிக்கறேன்னு சொல்றவங்க தான் பாதிக்கு மேல. போக்கு நின்னதும் திரும்ப வர மாட்டாங்க. அவங்களுக்கு மூணு நாள் டினிடசோல் நல்லது, முழுசா முடிப்பாங்க. வேலைக்கு போறவங்க, லாரி ஓட்டுறவங்க, மத்தியான வேளை மாத்திரைய கண்டிப்பா மறக்கறவங்க டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, என்னால மூணு வேளை போட முடியாது வேற இருக்கான்னு. கேக்கறதுல தப்பே இல்ல, டாக்டருக்கும் அது தெரிஞ்சா தான் மாத்தி எழுத முடியும். ஒரே குறை, நாலு மாத்திரைய ஒண்ணா போடறப்போ சிலருக்கு குமட்டும்.

இதுல யாருமே சொல்லாத ஒண்ணு இருக்கு, நான் அடிச்சு சொல்ற விஷயமும் இது தான். இந்தக் குடும்பத்து மாத்திரை எல்லாம் வயித்துல இறங்குன உடனே ரொம்ப நல்லா ரத்தத்துல கலந்துடும், கிட்டத்தட்ட முழுசா. அதனால தான் ஈரல், எலும்பு, மூளை வரைக்கும் போய் சேருது. அதே காரணத்தால பெருங்குடலுக்குள்ள கழிவோட கழிவா கெடக்கற அமீபா சிஸ்ட்டுக்கு போய் சேர்றது கம்மி. குடல் சுவத்துல நுழைஞ்சது செத்துடும், உள்ள முட்டை மாதிரி கெடக்கறது பொழச்சுக்கும், கொஞ்ச மாசத்துல திரும்ப வரும், வீட்ல மத்தவங்களுக்கும் பரவும். அதுக்குத் தான் இந்த மாத்திரை முடிஞ்சதும் டைலாக்சனைட் ஃப்யூரோயேட்னு ஒண்ணு, 500 எம்ஜி மூணு வேளை 10 நாள், இல்லன்னா பேரோமோமைசின். இது குடலுக்குள்ளயே தங்கி அத சுத்தம் பண்ணும். மெட்ரோனிடசோலோட டைலாக்சனைட் சேந்தே ஒரே மாத்திரையாவும் வருது. உங்களுக்கு உறுதியா அமீபான்னு சொல்லிட்டு மெட்ரோஜில் மட்டும் எழுதியிருந்தா டாக்டர்கிட்ட இத ஒரு வார்த்தை கேளுங்க. ஈரல்ல சீழ் கட்டினவங்களுக்கு இது இன்னும் முக்கியம். அது ஆம்பளைங்களுக்கு தான் ரொம்ப ஜாஸ்தி வரும், காய்ச்சல், வலது பக்கம் விலாவுக்கு கீழ வலி, சிலருக்கு வலது தோள்பட்டை வரைக்கும், வயித்தால போகவே போகாம கூட இருக்கும், அதனால யாரும் அமீபான்னு யோசிக்க மாட்டாங்க. ஸ்கேன்ல தான் தெரியும். அங்க மெட்ரோனிடசோல் தான் ரொம்ப நாளா நிரூபிச்ச மருந்து, டினிடசோலும் குடுக்கறாங்க, ரெண்டுல எதுவானாலும் பின்னாடி டைலாக்சனைட் வேணும்.

இன்னொண்ணு, ஊசி பாட்டில்ல ஏத்துனா தான் கேக்கும்னு நெனைக்கறீங்க பாருங்க, மெட்ரோனிடசோல் வாய் வழியா போட்டாலே முழுசா சேந்துடுதுன்னு சொன்னேன்ல, அப்போ முழுங்க முடியற ஆளுக்கு பாட்டில் ஏத்துறதால கூடுதலா எதுவும் கெடைக்காது. வாந்தி நிக்காதவங்க, ஆபரேஷன் ஆனவங்க, மயக்கத்துல இருக்கறவங்களுக்கு பாட்டில் வேணும், மத்தவங்களுக்கு காசு தான் தண்டம்.

ஜியார்டியான்னா கொஞ்சம் வேற மாதிரி, ரத்தம் வராது, ஏப்பம் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், மோஷன் பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி மெதக்கும், வாரக்கணக்கா இழுக்கும், ஆள் எளைச்சுடுவாங்க. இதுக்கு டினிடசோல் 2 கிராம் ஒரே ஒரு தடவை போதும், மெட்ரோனிடசோல்னா 5ல இருந்து 7 நாள். இங்க நான் டினிடசோல் பக்கம் தான், யோசிக்கவே மாட்டேன். குழந்தைங்களுக்கு நைடசாக்சனைட் சிரப்பும் எழுதுவாங்க, அது வேற வகை, கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி இருக்கு, மெட்ரோனிடசோலுக்கு அசையாது, அதுக்கும் இது கேக்கும்.

இப்போ அந்த ஓஇசட் டிஇசட் கதைக்கு வர்றேன். ஆஃப்லாக்சசின் கூட ஆர்னிடசோல், நார்ஃப்ளாக்சசின் இல்லன்னா சிப்ரோஃப்ளாக்சசின் கூட டினிடசோல், ரெண்டு மருந்த ஒரே மாத்திரைல அடிச்சு வச்சிருக்காங்க. பாக்டீரியாவா இருந்தா ஒண்ணு கொல்லும் அமீபாவா இருந்தா இன்னொண்ணு கொல்லும்னு கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரே நேரத்துல ரெண்டும் வர்றது அபூர்வம், அப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு மருந்த தேவையே இல்லாம முழுங்குறோம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கக் கூடாத ஆன்டிபயாட்டிக் கூட்டுன்னு ஒரு பட்டியல் போட்டிருக்கு, அதுல இந்த மாதிரி கூட்டெல்லாம் இருக்கு, மெட்ரோனிடசோல் தனியா அவங்க அத்தியாவசியப் பட்டியல்ல 1977லயே வந்துடுச்சு. சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு இந்த ஃப்ளாக்சசின் வகை திடீர்னு சுகர கீழ எறக்கிடும், வயித்தால வேற போயிட்டு சாப்பிடாம வேற இருந்தா இன்னும் மோசம். வயசானவங்களுக்கு குதிகால் நரம்பு மாதிரி இருக்கற தசைநாண் கிழியற ஆபத்தும் இருக்கு.

எங்க கடைக்கு வர்ற ஒரு அண்ணன், டைல்ஸ் வேலை பாக்கறவரு. உதட்டுல கறுப்பா வட்டமா ஒரு தழும்பு, கைல ஒண்ணு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அது எரிஞ்சு சிவந்து கொப்புளிக்கும், அதே எடத்துல, அப்புறம் இன்னும் கறுத்துடும். அக்கி, ஒவ்வாமை, பல்லி விழுந்ததுன்னு என்னென்னமோ சொல்லி களிம்பா வாங்கிட்டு போவாரு. ஒரு நாள் களிம்பு வாங்க வந்தப்போ தான் முந்தாநாள் வயித்தால போச்சுன்னு வேற எங்கயோ ஓஇசட் மாத்திரை வாங்கி போட்டேன்னாரு. எனக்கு அப்போ தான் பொறி தட்டுச்சு, போன தடவையும் அப்படி தானான்னு கேட்டா ஆமாங்கறாரு. ஒரு மருந்துக்கு ஒத்துக்காம ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வர்ற புண்ணு அது, இந்த னிடசோல் குடும்பத்துக்கும் வரும், ஃப்ளாக்சசினுக்கும் வரும். தோல் டாக்டர்கிட்ட அனுப்பினேன். அவருக்கும் கஷ்டம் பாருங்க, ரெண்டு மருந்து ஒரே மாத்திரைல இருந்தா குத்தவாளி எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கடைசில ஆர்னிடசோல் தான்னு சொன்னாங்க, அண்ணன்களும் தம்பிங்களும் ஒரே குடும்பம்ங்கறதால மெட்ரோனிடசோல், டினிடசோல், செக்னிடசோல் எல்லாமே இனி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. தனித்தனியா வாங்கியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே புடிச்சிருக்கலாம்னு எனக்கு இன்னும் மனசு ஆறல.

பொம்பளைங்க விஷயத்த கொஞ்சம் பேசணும், கூச்சப்பட்டு யாரும் வாய் தொறந்து கேக்க மாட்டாங்க, துண்டுச் சீட்ட நீட்டிட்டு தலைய குனிஞ்சுப்பாங்க. மீன் நாத்தம் மாதிரி வெள்ளைப்படுதல்னா பாக்டீரியா சமநிலை கெட்டது, அதுக்கு மெட்ரோனிடசோல் 500 எம்ஜி காலைல ராத்திரி 7 நாள், இல்லன்னா செக்னிடசோல் 2 கிராம் ஒரே தடவை. தயிர் மாதிரி கட்டியா அரிப்போட வந்தா அது பூஞ்சை, அதுக்கு இந்த மாத்திரை எதுவும் கேக்காது, சொல்லப் போனா மெட்ரோனிடசோல் போட்ட பின்னாடியே சிலருக்கு பூஞ்சை கெளம்பும். ட்ரைக்கோமோனாஸ்னா வீட்டுக்காரரும் சேந்து மருந்து எடுக்கணும், அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லன்னாலும், இல்லன்னா திரும்ப திரும்ப வரும். அரசு ஆஸ்பத்திரில இதுக்குன்னே தனி மையம் இருக்கு, அங்க பச்சைக் கலர் கிட்டுன்னு ஒண்ணு இலவசமா குடுப்பாங்க, உள்ள செக்னிடசோலும் பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோலும் இருக்கும். வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பாத்துட்டு ஏழு நாள் ஞாபகமா மாத்திரை போட முடியாத அக்காங்களுக்கு ஒரே தடவைங்கறது பெரிய உதவி, செக்னிடசோலுக்கு நான் ஓட்டு போடுறது இங்க தான்.

மாசமா இருக்கறவங்களுக்கு கணக்கு மாறிடும். அவங்களுக்கு டினிடசோல் வேணாம், இத்தன வருஷமா நிறைய கர்ப்பிணிங்களுக்கு குடுத்துப் பாத்தது மெட்ரோனிடசோல் தான், அதுவும் டாக்டர் அவசியம்னு சொன்னா மட்டும். தாய்ப்பால் குடுக்கறவங்க 2 கிராம் ஒரே தடவையா மெட்ரோனிடசோல் போட்டா 12ல இருந்து 24 மணி நேரம் பாலப் பீச்சி எடுத்துட்டு அப்புறம் குடுக்கச் சொல்வாங்க, டினிடசோலுக்கு இன்னும் ஜாஸ்தி, மூணு நாள். அதனால கைக்குழந்தை இருக்குன்னு டாக்டர்கிட்ட நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க.

பல்லு விஷயம் சுருக்கமா. ஈறு வீங்கி சீழ் வச்சா அமாக்சிசிலினோட மெட்ரோனிடசோல் எழுதுவாங்க, அது சரியான காரணத்துக்கு தான். வெறும் பல்வலி, சூடா குளுமையா பட்டா சுரீர்ங்குதுன்னா ஆன்டிபயாட்டிக் ஒண்ணுமே பண்ணாது, பல்ல அடைக்கணும், வேர் சிகிச்சை பண்ணணும், இல்ல எடுக்கணும். மாத்திரை போட்டு தள்ளித் தள்ளி போட்டு கடைசில கன்னம் வீங்கி வந்தவங்கள நெறைய பாத்திருக்கேன்.

குடிக்கறவங்க கேக்கற கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். மெட்ரோனிடசோல் போட்டுட்டு குடிச்சா முகம் சிவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு வாந்தி வரும்னு பெட்டில எழுதியிருக்கும், மாத்திரை முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு இருக்கும், டினிடசோலுக்கும் அதே தான். பின்லாந்துல ஆம்பளைங்களுக்கு ரெண்டையும் சேத்துக் குடுத்துப் பாத்தப்போ அந்த மாதிரி ஒண்ணும் வரலன்னு 2002ல வெளியிட்டாங்க, அமெரிக்கால சிடிசிங்கற அரசு நோய்த்தடுப்பு அமைப்பு இப்போ அவ்ளோ கட்டாயம் இல்லங்குது. ஆனா நான் குடிக்காதீங்கன்னு தான் சொல்வேன், ஈரல் சீழ் வந்த ஆளுக்கு குடி வேற சேந்தா ஈரலுக்கு என்ன மிச்சம் இருக்கும்? இன்னொரு பக்கம், குடிக்கற ஆள் குடிய விட முடியாம மாத்திரைய விட்டுடறாரு, அது அதவிட மோசம், அந்த மாதிரி ஆளா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க இந்த மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லணும், ரத்தம் ரொம்ப மெலிஞ்சு எங்கயாவது கசியும், இது நெஜமாவே பயப்பட வேண்டியது. ஒண்ணுக்கு செம்பழுப்பா போனா பதறாதீங்க, மெட்ரோனிடசோலால அப்படி வரும், போயிடும். ஆனா கை கால் மரத்துப் போகுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு, நடை தள்ளாடுதுன்னா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர பாருங்க, ரொம்ப நாள் தொடர்ந்து போடறவங்களுக்கு தான் இது வரும், அதனால பழைய சீட்ட வச்சு திரும்பத் திரும்ப வாங்காதீங்க.

அந்த டைல்ஸ் அண்ணன், ஆகாத மாத்திரை பேரு நாலையும் நான் ஒரு அட்டைல பெருசா எழுதிக் குடுத்தத பர்ஸ்ல வச்சிருக்காரு. போன ஆடில திரும்ப வயிறு சரியில்லன்னு வந்தாரு, மூணு வாரமா இழுக்குதுன்னாரு, அட்டையோட டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். டெஸ்ட்ல ஜியார்டியா. நைடசாக்சனைட் 500 எம்ஜி ரெண்டு வேளை மூணு நாளைக்கு எழுதியிருந்தாங்க, வேற குடும்பத்து மருந்து. ரெண்டாவது நாள் போன் பண்ணினாரு, அக்கா ஒண்ணுக்கு பச்சையும் மஞ்சளுமா போகுதுன்னு, அது அந்த மாத்திரைக்கு அப்படி தான் போகும்ணே, உதடு எப்படி இருக்குன்னு கேட்டேன். அப்படியே தான் இருக்கு, எரியலன்னாரு.